ரெண்டு வேளைத் தண்ணீர்

வாக்குத் தவறாத மனுஷி என்று என் வாழ்க்கையில் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். இன்னொருத்தியைப் பார்க்கிற ஆசை எனக்கு இல்லை.

வடக்குப்பட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரம்மா அவள். நேரில் வாங்க போங்கதான். எழுதும்போது அவள் இவள் என்றுதான் வருகிறது. மரியாதையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இதை எழுத என்னால் ஆகாது.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்தபிறகு அந்த ஊரில் யார் வீட்டு மாடியைப் பார்த்தாலும் ஒரு தகரக் கொட்டகையும் ஒரு கொடிக்கயிறும் இருக்கும். கயிற்றில் ஒரே நிறத்தில் ஆறேழு யூனிபாரம் சட்டை காயும். அப்படியொரு மாடியில் நானும் முத்துமாரியும் இருந்தோம். இரண்டு பேரும் சங்கரன்கோவில் பக்கம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் போன் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் லைனில் நின்றோம். கீழ் வீட்டில் அவள், அவள் வீட்டுக்காரர், மூன்று பிள்ளைகள். அவருக்கு கார் பாகம் செய்கிற கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. 'சரி' என்கிற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு குடித்தனத்தையே ஓட்டிவிட்டவர். மூத்தது ஜெசி, அப்போது பதினோரு வயது. அடுத்த இரண்டும் பயல்கள்.

சனிக்கிழமைதோறும் வாசலில் பாயை விரித்து ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் உட்காரவைத்துப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுப்பாள். அதனால் ஊருக்கே அவள் டீச்சரக்கா. பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். மூக்கு ஒழுகிக்கொண்டு வருகிற எந்தப் பிள்ளையையும் தன் முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாள்.

எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அவளை முழுசாகத் தெரிந்துகொண்டேன். ஊருக்குப் போகலாம் என்று பையைக் கட்டினேன். படி ஏறி வந்தவள் என் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

"இதுக்கு இன்னாத்துக்கு ஊருக்குப் போற? இருவத்தோரு நாளு நான் கீழாநெல்லி அரைச்சு மோருல குடுக்குறேன். நீ வாயத் தொறந்தா போதும்."

சொன்னபடி தினமும் காலையில் டம்ளரோடு வந்தாள். பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ நல்ல மழை. தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். அவளுக்கே காய்ச்சல், தொட்டால் சுடுகிறது. ஏரிக்கரை வரைக்கும் போய்ச் செடியைப் பிடுங்கி வந்து அரைத்து, நனைந்த சேலையோடு நிற்கிறாள்.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டா என்ன ஆயிரும் டீச்சரக்கா? உங்களுக்கு என்ன கோட்டியா?" என்றேன்.

"இருவத்தோரு நாளுன்னு சொல்லிகீறேனே."

அவ்வளவுதான் பதில். பெற்றவள்கூட எனக்கு அப்படிச் செய்ததில்லை. அந்த மோரைக் குடித்த வாயால்தான் இனிமேல் சொல்லப்போவதையும் சொல்கிறேன்.

அடுத்து வந்த கோடையில் செருப்பு விவகாரம் வந்தது. சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்திருந்த பிஸ்கட் பொட்டலம் ஒன்று காணாமல் போனது. ஜெசிதான் எடுத்தாள் என்று யாரோ சொன்னார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் டீச்சரக்கா சொல்லிவிட்டாள், "ஒரு மாசம் நீ செருப்பில்லாமதான் ஸ்கூலுக்குப் போவணும்." மறுநாள் காலையில் சின்னப் பயலின் தலையணைக்குக் கீழே பொட்டலம் கிடைத்தது. எறும்பு மொய்த்துக் கிடந்ததை நானே பார்த்தேன். சரி, முடிந்தது என்று நினைத்தால், ஜெசி வெறுங்காலோடு பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"அவ எடுக்கலன்னு தெரிஞ்சு போச்சுல்லா டீச்சரக்கா?"

"தெரிஞ்சிது."

"பொறவு என்ன?"

"புள்ளைங்க முன்னால சொல்லிட்டேனே. நானே மாத்திப் பேசுனா அதுங்க எத நம்பும்?"

ஜெசி ஒரு மாதமும் வெறுங்காலோடு போனாள். கூடவே அவளும் வெறுங்காலோடு, கொதிக்கிற தார் ரோட்டில், பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போய்விட்டு வந்தாள். சாயங்காலம் மகள் காலைத் தன் மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுவாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டும். ஆனால் செருப்பை எடுத்துக் கொடுக்க மாட்டாள். இவளைக் கும்பிடுவதா, இரண்டு அறை விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவள் லேசில் எதையும் சொல்ல மாட்டாள் அல்லவா? 'பாக்கலாம்', 'அப்பறம்', 'நாளைக்கு' எல்லாம் அவள் வாயில் வராது. செய்வதாக இருந்தால் சொல்வாள். சொன்னால் நடந்த மாதிரிதான். பொங்கலுக்குப் பச்சை சைக்கிள் என்று ஜெசியிடம் சொல்லிவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் பச்சை இல்லை என்றதும் வீட்டுக்கார மனுஷனைக் காஞ்சிபுரம் வரைக்கும் துரத்தியவள். அதனால் ஜெசிக்கு ஒரு பழக்கம். எதற்கும் அழ மாட்டாள், அடம் பிடிக்க மாட்டாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லும்மா, ஒரே ஒரு தடவ சொல்லு" என்று கெஞ்சுவாள். சொல்ல வைத்துவிட்டால் போதும், வாங்கிய மாதிரி குதித்துக்கொண்டு ஓடுவாள்.

ஜெசிக்கு ஆறு வயதிலிருந்து வலிப்பு. அரசு ஆஸ்பத்திரி மாத்திரையில் இருந்தாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. எட்டு மாதமாக வலிப்பு வராமல் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு உபவாச ஜெபத்தில் டீச்சரக்கா எழுந்து மைக்கை வாங்கினாள். "என் மவளுக்கு இனிமே வராது. கர்த்தர் தொட்டுட்டாரு. இது என் சாட்சி." சபை பூராவும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. மைக்கில் சொல்லியாகிவிட்டது. சொன்னது சொன்னதுதான்.

சுகமான பிள்ளை வீட்டில் மாத்திரை இருக்கலாமா? இருக்கக் கூடாது. மறுநாள் அவள் வீட்டுக்காரர் படி ஏறி வந்து, ஒரு காகிதப் பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "இது இங்க இருக்கட்டும்மா" என்றார். பிரித்துப் பார்த்தால் மாத்திரை அட்டைகள். என் பழைய டிபன் டப்பாவில் போட்டு மூடினேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கீழேயிருந்து டீச்சரக்கா குரல் கேட்டது.

"ஜெசி, மாடி அக்காகிட்ட போயி தண்ணி கேட்டுக் குடிச்சிட்டு வா."

கீழே குடத்தில் தண்ணீர் இல்லாமலா? நான் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு மாத்திரையும் கொடுத்தேன். ஜெசி குடித்துவிட்டு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து காலை ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை, "தண்ணி கேட்டுக் குடிச்சிட்டு வா." ஒரு நாள் தப்பியது கிடையாது. எனக்கு செகண்ட் ஷிப்ட் வருகிற வாரங்களில் முத்துமாரி கொடுத்தாள். மாத்திரை என்கிற சொல் மட்டும் டீச்சரக்கா வாயிலிருந்து வந்ததே இல்லை. நாங்களும் சிரித்துக்கொண்டோம். "ஆனாலும் கெட்டிக்காரி" என்று முத்துமாரி சொன்னாள். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்புறம் மலாவி வந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. அங்கே ஏரிக்கரை ஊர் ஒன்றில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு இல்லம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் பாட்டு, படிப்பு சொல்லிக்கொடுக்கவும் ஒரு குடும்பம் வேண்டும், மூன்று வருஷம் அங்கேயே தங்கித் தொண்டு செய்ய வேண்டும் என்று சபை மூலமாகக் கேட்டிருந்தார்கள். அவருக்கு மோட்டார், ஜெனரேட்டர் வேலையெல்லாம் தெரியும் என்பதால் இந்தக் குடும்பமே தோதாக இருந்தது. "என் பொறப்பே இதுக்குத்தான்" என்றாள் டீச்சரக்கா. அவர் "சரி" என்றார்.

ஃபாரம் இங்கிலீஷில் வந்தது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கீழ் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினேன். ஜெசி எனக்கு எதிரே சம்மணம் போட்டு, ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் படங்களை ஐந்து பேருக்கும் கத்தரியால் ஓரம் வெட்டி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். பேர், ஊர், வேலை எல்லாம் எழுதியாகிவிட்டது. இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி. உடன் வருகிறவர்களில் யாருக்காவது வலிப்போ, தினமும் மருந்து சாப்பிடுகிற நோயோ உண்டா?

நான் வாசித்துச் சொன்னேன்.

"உண்டுன்னு போட்டா கூட ஒண்ணுமில்ல டீச்சரக்கா. டாக்டர் லெட்டர் வச்சா போதும்னு கீழேயே போட்டிருக்கு."

"இந்த ஃபாரத்துல யாரு கையெழுத்து போடணும்?"

"சபை ஐயா போடணும்."

"அவரு முன்னால நான் சாட்சி சொல்லிகீறேன்."

"அப்போ இல்லன்னு போட்டுருவோமா?"

"பொய் எழுத மாட்டேன்."

"உண்டுங்கவும் மாட்டேங்கீங்க, இல்லங்கவும் மாட்டேங்கீங்க. பொறவு நான் எதைத்தான் எழுத?"

மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முதல் பக்கத்தைத் திருப்பச் சொன்னாள். "கூட வர்ற புள்ளைங்க எத்தினின்னு ஒண்ணு கேட்டுகீதே, அதுல ரெண்டுன்னு போடு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பேனா நின்றுபோனது. "டீச்சரக்கா" என்றேன். அவர் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தேன். 'சரி' என்றுகூடச் சொல்லவில்லை, காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுடி. ரெண்டு பேரு வர்றாங்க. பொய் இல்லியே."

நான் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. வாடகைக்கு இருக்கிறவளுக்கு என்ன வந்தது என்று நினைத்தேனோ, மோர் குடித்த கடன் என்று நினைத்தேனோ, ஒரு 2 போட்டேன். அழகான 2.

ஜெசி கோந்து தடவிக்கொண்டிருந்தாள். நான்கு படத்தை ஒட்டிவிட்டு ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னோடது எங்கம்மா ஒட்டணும்?" என்றாள்.

"அத பத்திரமா வெச்சுக்கோ."

இந்த மாதிரி போகிற குடும்பங்கள் ஒரு ஜெப அட்டை அடிப்பது வழக்கமாம். குடும்பப் படம் போட்டு, 'எங்களுக்காக ஜெபியுங்கள்' என்று எழுதி வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். அவர்களும் அதை ஃபிரிட்ஜிலோ பீரோவிலோ ஒட்டி வைத்துக்கொள்வார்கள். டீச்சரக்கா வீட்டு அட்டையில் நான்கு பேர். அவள், அவர், இரண்டு பயல்கள். வழியனுப்புக் கூட்டத்தன்று சபை வாசலில் புது கவுன் போட்டுக்கொண்டு, கையில் கட்டு அட்டையோடு, வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்தது யார் தெரியுமா? ஜெசி. வேறு யாரும் ஏவவில்லை, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "அழகான குடும்பம். நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டாள்.

"நான் கார்டு குடுக்குறேன்" என்றாள் ஜெசி.

எனக்கு அங்கேயே ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை. பந்திக்கு உதவியாகக் கையில் சாம்பார் வாளி வைத்திருந்தேன்.

டீச்சரக்கா மைக்கில் பேசினாள். மூன்று வருஷத்துக்கு இந்த மண்ணை மிதிக்க மாட்டேன், நல்லது கெட்டது எதற்கும் திரும்பி வர மாட்டேன், அந்தப் பிள்ளைகளை விட்டு நகர மாட்டேன் என்றாள். கைதட்டினார்கள். ஜெசியின் படிப்பு கெடக் கூடாது என்று இங்கேயே விட்டுப் போகிறோம் என்றாள். அதற்கும் கைதட்டினார்கள். படிப்பு கெடக் கூடாதென்றால் அந்த இரண்டு பயல்களுக்கும் படிப்பு இல்லையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசியில் வாளியோடு நின்ற என்னைக் கைகாட்டினாள்.

"என் மவள மாடியில இருக்குற என் தங்கச்சி பாத்துக்குவா."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைக்கில் சொல்லிவிட்டாள், கைதட்டிவிட்டார்கள். நான் தங்கச்சி ஆகிவிட்டேன்.

கிளம்புகிற அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வேன் வந்தது. பெட்டி எல்லாம் ஏற்றியாயிற்று. டீச்சரக்கா மகளைக் கட்டிக்கொண்டு ஜெபம் பண்ணினாள். நெற்றியில் எண்ணெய் வைத்தாள். நன்றாகப் படி, வசனம் படிக்காமல் படுக்காதே, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு போன் பண்ணுவேன் என்றாள்.

"காலையில ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ, அக்காகிட்ட தண்ணி கேட்டுக் குடி. மறக்காத."

"அது குடிக்கிறேம்மா" என்றாள் ஜெசி. வேன் கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வந்து என்ன கூட்டினு போவேன்னு சொல்லு."

டீச்சரக்கா அவள் முகத்தையே பார்த்தாள்.

"மூணு வருஷம் கழிச்சுன்னாலும் பரவாயில்ல. சொல்லும்மா. ஒரே ஒரு தடவ சொல்லு."

வேனுக்குள்ளிருந்து அவர், "வந்து கூட்டிப் போறோம்மா..." என்று ஆரம்பித்தார். டீச்சரக்கா சட்டென்று திரும்பினாள். "தெரியாதத சொல்லாதீங்க." அவள் ஜெசியின் விரல்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியிலிருந்து பிரித்தாள், முத்தம் கொடுத்துக்கொண்டே பிரித்தாள். ஏறி உட்கார்ந்தாள். வேன் போயிற்று. கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனால் என்ன? உலகத்தில் எந்தத் தாய்தான் பிள்ளையிடம் பொய் சொல்லவில்லை? ஒரு வாய் பொய்யில் அந்தப் பிள்ளை மூன்று வருஷம் உயிர் பிழைத்திருக்குமே. எனக்குப் பொறுக்கவில்லை.

"வருவாங்கட்டி. கண்டிப்பா வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்றேன்.

ஜெசி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "நீங்க சொன்னா இன்னாக்கா."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி என்றால் நாலு மணி. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்காது. அங்கே மத்தியானம். வீடியோவில் அவள் சிரித்துக்கொண்டு இருப்பாள், சுற்றி நிறையப் பிள்ளைகள். அதுகளுக்குத் தமிழ்ப் பாட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தாள், அதுகளும் கைதட்டிப் பாடும். நல்ல காரியம்தான் செய்தாள், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அங்கே போனபிறகு அத்தனை பிள்ளைகளுக்கும் உடம்பில் சதை வைத்திருந்தது, நானே வாராவாரம் பார்த்தேன்.

ஐந்தாறு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிறு, அவள் மடியில் புதிதாக ஒரு பெண் குழந்தை, நாலு வயது இருக்கும். அதன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"இந்தப் பாப்பா புதுசு. பாவம், இதுக்கு வலிப்பு. மூணு வேளையும் மாத்திரை. நான்தான் குடுப்பேன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இதுவரிக்கும் ஒரு வேள தப்பல."

சொல்லிக்கொண்டே மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் டம்ளரை அந்தக் குழந்தையின் வாயில் வைத்தாள். இவ்வளவு பேர் பார்க்க, பட்டப்பகலில், மாத்திரை என்று பேர் சொல்லி. கட் பண்ணிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். ஜெசி என் கையைத் தடுத்தாள்.

"அந்தப் பாப்பா பேரு இன்னாம்மா?" என்று கேட்டாள். டீச்சரக்கா பேரைச் சொன்னாள். "நல்லா கீது" என்றாள் ஜெசி.

அடுத்த சில வாரங்கள் ஜெசி ஒழுங்காகத்தான் என்னிடம் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். ஒழுங்காகத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிறு, பிள்ளைகள் வசனம் சொல்கிற நாள். எனக்கு லீவு. ஜெசி கூப்பிட்டதால் நானும் சபைக்குப் போயிருந்தேன். அவள் முறை வந்தது. எழுந்துபோய் மைக் முன்னால் நின்றாள். ஒரு வரி சொன்னாள். இரண்டாவது வரியில் கண் மேலே சொருகியது. மைக் ஸ்டாண்டோடு சாய்ந்தாள். அவள் பல் கடிக்கிற சத்தம் ஸ்பீக்கரில் சபை முழுக்கக் கேட்டது.

சபை ஐயாதான் முதலில் ஓடிவந்தார். தலைக்குத் தன் அங்கியைச் சுருட்டி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, அவரே தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார். நாக்கில் மூன்று தையல். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன், டிபன் டப்பா, ஃபாரம், 2 எல்லாவற்றையும். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"மாத்திரை சாப்ட்டா இன்னாம்மா தப்பு? மாத்திரையும் கர்த்தர் குடுக்குறதுதானே? நானே தெனமும் சுகருக்கு போடுறேன். ஃபாரத்துல எழுதியிருந்தா நான் கையெழுத்து போட்டிருப்பேனே" என்றார்.

போட்டிருப்பாராம். அவ்வளவு சுளுவாக.

மூன்று மணிக்கு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மாடிப் படியோரம் இருந்த செம்பருத்தித் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய முத்துமாரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மண்ணில் வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள், ஊறிப் பெருத்துக் கிடந்தன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"ஏட்டி, ஏன் இப்படிப் பண்ணுன? செத்துப் போயிருந்தா?"

பேச முடியாமல் அவள் மிச்சம் கிடந்த ஜெப அட்டை ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். 'எல்லாரும் பாத்தா அம்மா சொன்னது பொய்யாகிடும். அப்புறம் என்னைக் கூட்டிட்டுப் போறதுல அவங்களுக்கு என்ன கஷ்டம்.'

கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளை.

நாலு மணிக்கு போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"டீச்சரக்கா, இன்னைக்குச் சபையில வச்சு ஜெசிக்கு வந்துட்டு."

"இன்னா வந்திச்சு?"

"என்ன வரும்? வலிப்புதான். நாக்கைக் கடிச்சுட்டா. மூணு தையல் போட்டிருக்கு."

அவள் கேட்டாள், "எத்தினி பேரு பாத்தாங்க?"

"சபை பூராவும் பாத்தாச்சு. ஐயாகிட்ட நான் எல்லாத்தையும் சொல்லியாச்சு. அவரு ஒரு வார்த்தை வையல. மாத்திரை குடு, தப்பில்லங்காரு. ஃபாரத்துல எழுதியிருக்கலாமே, நான் கையெழுத்து போட்டிருப்பேனேங்காரு. இனியாவது அவளைக் கூப்பிட்டுக்கிடுங்க டீச்சரக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அவளுக்கு அது வராது" என்றாள்.

"என்னது?"

"வராதுன்னு நான் சொல்லிகீறேன். வெயில்ல நின்னுகினு இருந்திருப்பா. இல்லாங்காட்டி நடிக்கிறா."

"நாக்கை வெட்டிக்கிட்டா நடிக்கா? நீங்கள்லாம் ஒரு..." மேலே நான் பேசியதை எழுத முடியாது. முத்துமாரி என் வாயைப் பொத்தினாள்.

"போன அவகிட்ட குடு" என்றாள் டீச்சரக்கா.

கொடுத்தேன். ஜெசி தலையணையில் சாய்ந்து இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரக்கா கண்ணிலிருந்து கொட்டியது, கன்னத்தில் வழிந்தது, துடைக்கவேயில்லை. அந்தச் செருப்புக் காலத்து அழுகை.

"ஜெசி" என்றாள். "அக்காகிட்ட தண்ணி கேட்டுக் குடிச்சியாம்மா இன்னிக்கு?"

ஜெசி வாயைத் திறந்தாள். வீங்கிய நாக்கில் சொல் உருளவில்லை. எச்சிலும் ரத்தமும் மோவாயில் வடிந்தது. இருந்தாலும் சொன்னாள், "சொல்லு."

எனக்கே விளங்கியது, அவளுக்கா விளங்காது? அவள் உதடு ஒரு தடவை பிரிந்தது. என் குலசாமி மேல் ஆணை, சொல்லப் போகிறாள் என்றே நினைத்தேன். அதற்குள் அந்தக் குழந்தை வந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு மாத்திரை நேரம்" என்றாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் பேசுறேன்."

பேசினாள். அடுத்த ஞாயிறும் நாலு மணிக்குச் சரியாக அடித்தது, அதற்கடுத்த ஞாயிறும் அடித்தது. ஜெசிதான் எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பாள், அல்லது தலை பின்னிக்கொண்டிருப்பாள். மாத்திரையை மட்டும் ஒழுங்காக, எல்லாரும் பார்க்கவே போட ஆரம்பித்தாள். இனிமேல் எதற்கு மறைக்க வேண்டும்?

அவர்கள் போன ஒன்றரை வருஷத்தில் என் கான்ட்ராக்ட் முடிந்தது. ஊரில் கல்யாணமும் பேசிவிட்டார்கள். வல்லக்கோட்டையிலிருந்து ஜெசியின் அத்தை, அவள் அப்பாவின் அக்கா, வந்து அவளைக் கூட்டிக்கொண்டாள். சபை ஐயா பேசி ஏற்பாடு செய்தது. நல்ல பொம்பளைதான். டிபன் டப்பாவை அவள் கையில் கொடுத்து, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பேர் சொல்லியே ஒப்படைத்தேன்.

மூன்று வருஷம் முடிந்ததும் அவர்கள் இன்னொரு மூன்று வருஷத்துக்கு அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டதாக முத்துமாரி போனில் சொன்னாள். டீச்சரக்கா மேல் குற்றமில்லை. வருவேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லையே.

அத்தை வந்து கூட்டிப் போன அன்று, ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் ஜெசி என்னிடம் வந்தாள். எதுவும் கேட்கவில்லை. கணக்கு நோட்டிலிருந்து அந்த ஐந்தாவது பாஸ்போர்ட் படத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"பத்திரமா வெச்சுக்கோங்கக்கா."

"மாசம் ஒருக்கா வந்து உன்னைப் பாத்துட்டுப் போவேன்ட்டி" என்றேன். அவள் கேட்காமலே சொன்னேன். வாய் கூசவில்லை. வேன் போனபிறகு டீச்சரக்காவை எவ்வளவு திட்டியிருக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னால் என்ன கேடு என்று.

எட்டு வருஷம் ஆகிறது. படம் என் பீரோவில் பத்திரமாகத்தான் இருக்கிறது. டீச்சரக்கா அன்றைக்குச் சொல்லியிருந்தால் வந்திருப்பாள், அதனால்தான் சொல்லவில்லை. நான் சொன்னேன். ஒரு தடவைகூடப் போகவில்லை.